கிராண்ட் அவரவரிடம், பயிர் கூட்டாக: துண்டு நிலங்களை ஒன்றுசேர்க்க வரைபடம்

(நில உரிமைப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரை மூன்று ஏக்கரும் நான்கு ஏக்கரும் வைத்திருக்கிற நம் மக்களுக்கானது. உங்களுக்கே அப்படியொரு நிலம் இருக்கலாம். இல்லையென்றால் உங்கள் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கலாம். பெரும்பாலும் கதை ஒன்றுதான். வாங்கியவர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு துண்டு நிலம் வாங்கினார். முதலில் ரப்பர் நட்டார், பிறகு செம்பனைக்கு மாறினார். இன்று அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் கோலாலம்பூரில், ஜொகூர் பாருவில், சிங்கப்பூரில். மரங்கள் உயர்ந்துவிட்டன, குலை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. நிலத்தில் லாலாங் புல் மண்டிக் கிடக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வருகிறார். “மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் ஐயா?” என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாததால்தான் நிலம் கைமாறுகிறது. அதற்கு ஒரு பதில் உண்டு என்பதுதான் இந்த உரையின் சாரம். மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு ஒருவர் அதிகம் செய்ய முடியாதுதான். ஆனால் அடுத்தடுத்து இருக்கும் பத்து மூன்று ஏக்கர்களை ஒன்றாகப் பயிர் செய்தால் நிறையச் செய்யலாம். எந்தப் பத்து என்பதைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தை இன்று நாமே தயாரித்துக்கொள்ள முடியும்.

இது நமக்குப் புதிதல்ல

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்ட காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். அதைத்தான் ‘தோட்டத் துண்டாடல்’ என்றோம். வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே போயின. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அஜீஸ் விரிவாக ஆய்வு செய்தார். அந்த ஆய்வு 1962-இல் வெளிவந்தது. பிற்பாடு தேசிய நிலச் சட்டத்தில் 214A என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதற்கு அனுமதி பெற வேண்டும் என்பது அதன் சாரம்.

துண்டாடலுக்கு நம் சமுதாயம் கொடுத்த பதில், துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பாட்டாளிகள் மாதாமாதம் கட்டிய சிறு தொகையைச் சேர்த்து முழுத் தோட்டங்களை வாங்கினார்கள். ஒருவரால் முடியாததைக் கூட்டாகச் சாதிக்கலாம் என்று அந்தத் தலைமுறை செய்து காட்டியது.

இன்றைய நிலை வேறு. அன்று நம்மிடம் நிலம் இல்லை, காசு சேர்த்து நிலம் வாங்க வேண்டியிருந்தது. இன்று ஆயிரக்கணக்கான ரிங்கிட் திரட்டி வாங்க வேண்டிய தேவை இல்லாமலே, நம்மவர் கையில் நிலம் துண்டுகளாக இருக்கிறது. இணைப்பதுதான் பாக்கி.

ஏன் சேர்க்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு

ஒரு லாட் மூன்று ஏக்கர், ஏறக்குறைய 1.2 ஹெக்டர். அதை 100 மீட்டருக்கு 120 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றிக்கும் மாட்டுக்கும் பயந்து வேலி போட்டால் 440 மீட்டர் வேண்டும். அப்படிப் பத்து லாட்டுக்குத் தனித்தனியாக வேலி போட்டால் 4,400 மீட்டர். அதே பத்து லாட்டும் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் ஒட்டி இருந்து, சுற்றி ஒரே வேலி போட்டால் 1,480 மீட்டர் போதும். மூன்றில் ஒரு பங்குதான் செலவு.

செம்பனையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டருக்கு 136 மரம் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் மூன்று ஏக்கரில் சுமார் 160 மரம் இருக்கும். ஒரு சுற்று வெட்டினால் கிடைக்கும் குலைக்காக லாரிக்காரர் தனியாக வர மாட்டார். வந்தாலும் வாடகை கையைக் கடிக்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால்தான் எண்ணெயின் தரம் நிற்கும். லாரி தாமதமானால் தரம் குறையும், விலையும் குறையும். பத்து லாட்டை ஒரே நாளில் வெட்டினால் லாரி தானாக வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம், செம்பனையும் ரப்பரும் எந்த நிலத்தில் விளைந்தன என்பதற்கு வரைபடக் குறிப்பு கேட்கிறது. 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லைக்கோடே வேண்டும். அதற்குட்பட்ட நிலத்துக்கு ஒரு புள்ளி போதும். அந்தச் சட்டம் அமலுக்கு வரும் நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் போகிற திசை தெளிவு: வரைபடத்தில் இல்லாத விவசாயி சந்தையிலும் இல்லாமல் போவார்.

சட்டப்படியும் ஓர் ஆபத்து உண்டு. விவசாய வகை நிலத்தைப் புதர் மண்ட விட்டால் அது கிராண்டில் உள்ள நிபந்தனையை மீறிய செயலாகக் கருதப்படலாம். தேசிய நிலச் சட்டத்தின் 127 முதல் 129 வரையிலான பிரிவுகள் அப்படிப்பட்ட மீறலுக்கு அபராதமும், கடைசி கட்டத்தில் நிலத்தைப் பறிமுதல் செய்வதும் வரை போகின்றன. “சும்மா கிடந்தால் என்ன, நம்ம நிலம்தானே” என்பது சட்டத்தின் முன் நிற்காது.

வரைபடத்தை எப்படித் தயாரிப்பது?

இனி விஷயத்துக்கு வருவோம். இதற்குப் பெரிய அலுவலகமோ விலையுயர்ந்த மென்பொருளோ வேண்டியதில்லை. கூகள் எர்த் இலவசம். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளும் இலவசம். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது உங்கள் மூன்று ஏக்கர் 120 கட்டங்களாகத் தெரியும். மேகம் மறைத்தாலும் படம் எடுக்கக்கூடிய ராடார் செயற்கைக்கோளான சென்டினல்-1-இன் படங்களும் இலவசம். நம் நாட்டில் மேகமில்லாத நாள் குறைவு என்பதால் அது நமக்குப் பெரிய உதவி.

உங்கள் ஊரில் கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் இந்த ஐந்து அடுக்குகளைப் போடச் சொல்லுங்கள். அடுக்கு என்றால் கண்ணாடித் தாள் போல. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் அடுக்கு: லாட் எல்லைகள். ஒவ்வொரு கிராண்டிலும் லாட் எண்ணும் முக்கிம் பெயரும் இருக்கும். நிலத்தின் படமும் இணைக்கப்பட்டிருக்கும். நில அளவை, வரைபடத் துறையிடம் லாட் வரைபடத்தை விலைக்கு வாங்கலாம். எந்த லாட்டுக்குப் பக்கத்தில் எது என்பது இதில்தான் தெரியும்.

இரண்டாவது அடுக்கு: கிராண்டின் நிலைமை. இதைச் செயற்கைக்கோள் சொல்லாது. மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடல் எடுக்க வேண்டும். நிலம் நிரந்தர உரிமையா, குத்தகைக் காலம் உள்ளதா? குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மீதி? எந்தப் பயிருக்கு என்று நிபந்தனை இருக்கிறதா? மாநில அரசின் சம்மதமில்லாமல் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டா? வங்கிக் கடன் இருக்கிறதா? யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா? தற்காலிக கிராண்ட் என்றால் எல்லை அளவை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அடுக்கு: தொடக் கூடாதவை. வனக்காப்பு நிலம், ஆற்றோரக் காப்பு நிலம், சாலைக்காக ஒதுக்கிய நிலம், மலாய் ஒதுக்கீட்டு நிலம், ஓராங் அஸ்லி மக்களின் நிலம். நகர, கிராமத் திட்டமிடல் துறையின் ஐ-பிளான் இணையதளத்தில் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைப் பார்க்கலாம். உங்கள் பகுதி நாளைக்குத் தொழிற்பேட்டையாகப் போகிறதா என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நான்காவது அடுக்கு: மண்ணும் வழியும். சரிவு எவ்வளவு, வெள்ளம் ஏறுமா, லாரி போகும் சாலை எது, ஆலை எத்தனை கிலோமீட்டர், தண்ணீர் எங்கே? 25 பாகைக்கு மேற்பட்ட சரிவில் செம்பனை நடுவது நல்லதல்ல. மண் அரிப்பு தாங்காது. இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். உங்கள் லாட் முழுவதற்கும் 13 கட்டம்தான் கிடைக்கும். மரத்தின் உயரமும் அதில் கலந்துவிடும். ஆகவே சரிவைக் கணினியில் பார்த்துவிட்டு நேரில் நடந்தும் பாருங்கள்.

ஐந்தாவது அடுக்கு: மனிதர்கள். உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, வாரிசு எத்தனை பேர், சேர விருப்பம் உண்டா, நிலத்தில் யார் வேலை செய்கிறார்? இந்த அடுக்கை வீடு வீடாகப் போய்த்தான் நிரப்ப முடியும். எந்த மென்பொருளிலும் இது இல்லை.

நல்ல மண் மட்டும் போதாது

இந்த ஐந்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் என்ன கிடைக்கும்? கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். 24 லாட்கள். ஒவ்வொன்றும் மூன்று ஏக்கர்.

அதில் மூன்று லாட் பள்ளத்தில் இருக்கிறது, ஒவ்வொரு மழைக்காலமும் வெள்ளம் நிற்கிறது. அவற்றைச் சிவப்பில் குறியுங்கள். இரண்டு லாட்டில் கேவியட் இருக்கிறது, அவையும் சிவப்பு. மூன்று பேர் சேர விருப்பமில்லை என்கிறார்கள்; அவர்கள் முடிவை மதித்துச் சாம்பல் நிறம் கொடுங்கள். நான்கு லாட்டில் உரிமையாளர் இறந்துவிட்டார், பெயர் மாற்றவில்லை, அவை மஞ்சள். மீதி 12 பச்சை.

“பன்னிரண்டு இருக்கிறதே, ஆரம்பிக்கலாமே” என்று தோன்றும். வரைபடத்தைப் பாருங்கள். ஏழு லாட் ஒட்டி இருக்கிறது. இன்னொரு மூன்று லாட் ஒட்டி இருக்கிறது. இரண்டு லாட் தனித்தனியாக எங்கோ கிடக்கிறது. அந்த ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு மஞ்சள் லாட் நிற்கிறது!

அந்த ஒரு குடும்பத்தின் வாரிசு விவகாரம் தீர்ந்து, அவர்களும் சம்மதித்தால் 11 லாட் ஒரே துண்டாகும். 13 ஹெக்டருக்கு மேல் கிடைக்கும். ஆக, உங்கள் ஊர்ச் சங்கம் முதலில் செய்ய வேண்டிய வேலை உரம் வாங்குவதோ டிராக்டருக்கு மனுப் போடுவதோ அல்ல. அந்த ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, இறப்புப் பத்திரத்தையும் பிறப்புப் பத்திரங்களையும் சேர்த்து, சிறு சொத்துப் பகிர்வுச் சட்டம் 1955-இன் கீழ் நில அலுவலகத்தில் மனுச் செய்ய உதவுவதுதான் முதல் வேலை. வரைபடம் இல்லாவிட்டால் நான்கு மஞ்சள் லாட்டில் எது முக்கியம் என்று தெரிந்திருக்காது.

இதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. ஆய்வாளர்கள் மண், சரிவு, மழை என்று மதிப்பெண் போட்டு ‘பொருத்தமான இடம்’ என்று ஒரு படத்தைத் தருவார்கள். அந்தப் படம் தேவைதான். ஆனால் நம் நிலத்தில் பெரும்பாலும் சிக்கல் மண்ணில் இல்லை, கிராண்டில் இருக்கிறது. நடுத்தரமான மண்ணாக இருந்தாலும் சுத்தமான கிராண்டும் ஒட்டிய எல்லையும் சம்மதமும் சேர்ந்த இடமே பொருத்தமான இடம்.

வாரிசுச் சிக்கலைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே துண்டாக்க நிலச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. மூன்று ஏக்கருக்கு ஆறு வாரிசு என்றால் ஆளுக்கு அரை ஏக்கர் என்று பிரித்துக் கொடுக்க முடியாது. ஆறு பேரும் பிரிக்கப்படாத பங்குக்காரர்களாக ஒரே கிராண்டில் நிற்பார்கள். அடுத்த தலைமுறையில் அது இருபது பேராகும். அப்புறம் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவீர்கள்?

வரைபடத்தின் வரம்பு

வரைபடத்தை நம்புங்கள், ஆனால் அதை கிராண்ட் என்று நினைத்துவிடாதீர்கள். கைப்பேசியில் காட்டும் இடம் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர்வரை தவறலாம். மரத்தடியில் இன்னும் கூடும். 100 மீட்டர் அகலமுள்ள நிலத்தில் ஐந்து மீட்டர் நகர்ந்தால் இருபதில் ஒரு பங்கு நிலம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்! எல்லைத் தகராறு வந்தால் எல்லைக் கல்லும், உரிமம் பெற்ற நில அளவையாளரின் அளவையும்தான் பேசும். உரிமம் பெற்ற நில அளவையாளர் சட்டம் 1958 நம் தீபகற்பத்தில் நடப்பில் உள்ளது.

சரவாக்கில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ரூமா நோர் என்ற நீளவீட்டு இபான் மக்கள், காகித ஆலைக்கான மரத்தோட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் மரபு நிலத்தைத் தாங்களே வரைந்த வரைபடத்தை நீதிமன்றத்தில் முன்வைத்தார்கள். 2001-இல் கூச்சிங் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே 2001-இல் சரவாக் சட்டமன்றம் நில அளவையாளர் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, உரிமம் இல்லாதவர்கள் நிலம் அளப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மரபுரிமை என்ற சட்டக் கொள்கையை ஏற்றுக்கொண்டாலும், அந்தக் குறிப்பிட்ட நிலத்துக்கான ஆதாரம் போதாது என்று தீர்ப்பை மாற்றியது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, சாதாரண மக்கள் கையில் வரைபடம் இருந்தால் அதிகாரத்தில் உள்ளவர்கள் அதைக் கவனிக்கிறார்கள். இரண்டு, வரைபடத்தோடு ஆதாரமும் சேர வேண்டும். யார், எப்போது, எந்தக் கருவியால் குறித்தார் என்று எழுதி வையுங்கள். தேதியோடு புகைப்படம் எடுங்கள். உங்கள் வரைபடத்தின் மேலேயே “திட்டமிடலுக்கு மட்டும், எல்லை அளவை அல்ல” என்று எழுதிவிடுங்கள்.

எல்லைக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டாக மறுநடவு செய்யும்போது புல்டோசர் வரும். பழைய மரத்தோடு கல்லும் போய்விடும். பிறகு உங்கள் நிலம் எங்கே தொடங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது. இயந்திரத்தை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் குறித்துப் படம் எடுத்து, உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தச் செலவைப் பதினொரு பேர் பகிர்ந்தால் சுமையாகத் தெரியாது.

எந்த வழியில் சேர்ப்பது?

நிலத்தைச் சேர்க்கச் சட்டத்தில் மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, கிராண்ட்களை இணைத்து ஒரே கிராண்ட் ஆக்குவது. நிலச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. ஆனால் எல்லா லாட்டும் ஒரே உரிமையாளர் அல்லது அதே கூட்டு உரிமையாளர்கள் பெயரில் இருக்க வேண்டும். முடித்த பிறகு உங்கள் மூன்று ஏக்கர் எது என்று சுட்டிக்காட்ட முடியாது. பெரிய நிலத்தில் ஒரு பங்கு மட்டுமே உங்களுடையது. பிரிந்து போவதும் எளிதல்ல.

இரண்டு, நிலத்தை ஒரு கம்பெனிக்கோ சங்கத்துக்கோ எழுதிக் கொடுத்துப் பங்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது. இதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்து ஏமாந்த குடும்பங்கள் நம் சமுதாயத்தில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். கிராண்ட் போய்விட்டால் நிர்வாகம் செய்யும் ஒவ்வொரு தவற்றுக்கும் ஈடு உங்கள் நிலம்தான்.

மூன்று, கிராண்ட் அவரவர் பெயரிலேயே இருக்க, நிலத்தைப் பயிர் செய்யும் உரிமையை மட்டும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் குத்தகைக்கு விடுவது. நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ஜப்பானில் 2014 முதல் மாநிலத்துக்கு ஒன்றாக விவசாய நில வங்கிகள் இயங்குகின்றன. அங்கும் வயதானவர்களின் நிலம் துண்டு துண்டாகக் கிடந்தது. நில வங்கி அந்தத் துண்டுகளைக் குத்தகைக்கு எடுத்து, ஒட்டிய நிலங்களாகத் தொகுத்துப் பயிர் செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறது. உரிமை மாறுவதில்லை.

நம் சட்டத்தில் மூன்று ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்குப் பதிவு தேவையில்லை. கிராண்டில் குறிப்பு மட்டும் போட்டுக்கொள்ளலாம். வாழை, மரவள்ளி, காய்கறி என்றால் இதுவே போதும். மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும். செம்பனை இருபத்தைந்து ஆண்டுப் பயிர். மறுநடவுக்குப் பணம் போடுகிறவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் அல்லவா? அதனால் அங்கே பதிவு செய்த நீண்ட குத்தகைதான் சரி. நிலத்தில் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும், கட்டுப்பாடு இருந்தால் மாநில அரசின் சம்மதமும் முதலில் வாங்க வேண்டும். இரண்டாவது அடுக்கை அவ்வளவு கவனமாக நிரப்பச் சொன்னது இதற்காகத்தான்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் கட்டாயம் இருக்கட்டும். சங்கத்தின் கடனுக்காக எவருடைய கிராண்டையும் அடமானம் வைக்கக் கூடாது. லாபத்தில் நிலத்துக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இடையில் ஒருவர் விலக விரும்பினால் என்ன நடைமுறை, மரத்துக்கு என்ன இழப்பீடு என்று தெளிவாக இருக்க வேண்டும். ஒருவர் விற்க நேர்ந்தால் முதலில் பக்கத்து லாட்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறர் உரிமையை மிதிக்காமல்

உரிமைக்குப் போராடும் நாம் இன்னொரு சிறுபான்மையின் உரிமையை மறந்துவிடக் கூடாது. செயற்கைக்கோள் படத்தில் ‘சும்மா கிடக்கும் காடு’ போலத் தெரிவது ஓராங் அஸ்லி மக்களின் டுரியான் தோப்பாகவோ இடுகாடாகவோ இருக்கலாம். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில் 2002-இல் உயர்நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களின் மரபு நில உரிமையை ஏற்றன. கிராண்ட் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகிவிடாது. நம் முன்னோர்கள் மூன்று தலைமுறை வாழ்ந்த தோட்டத்தில் கிராண்ட் இல்லாத ஒரே காரணத்துக்காக வெளியேற்றப்பட்டபோது நமக்கு எப்படி வலித்தது? மூன்றாவது அடுக்கை நிரப்பும்போது அந்தக் கிராமத்துப் பெரியவரைப் போய்க் கேளுங்கள்.

வரைபடத்தைப் பாதுகாப்பது

கடைசியாக ஓர் எச்சரிக்கை. யார் வயதானவர், யார் கடனில் இருக்கிறார், எந்தக் குடும்பத்தில் வாரிசுத் தகராறு என்று காட்டும் வரைபடம் தரகருக்குக் கிடைத்தால் அவருக்கு அது புதையல். ஆகவே இரண்டு வரைபடம் வையுங்கள். ஒன்று லாட் எண், சரிவு, சாலை மட்டும் உள்ளது. அதை அரசிடமும் வங்கியிடமும் காட்டலாம். மற்றொன்று கிராண்ட், குடும்ப விவரம் உள்ளது. அது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த மூவர் கையில் பூட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

நாளைக்கே அரசு பொதுத் தேவைக்கென்று நிலத்தை எடுக்க முற்பட்டாலும் இந்த வரைபடம் உதவும். எத்தனை மரம், என்ன வயது, எந்தத் தேதியில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இருந்தால் இழப்பீட்டு விசாரணையில் நீங்கள் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள்.

இந்த மாதம் என்ன செய்யலாம்?

வாசகர்களே, பெரிய மாநாடு எதுவும் வேண்டாம். வீட்டில் உள்ள கிராண்டை எடுத்து லாட் எண்ணையும் முக்கிம் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். நில வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிராண்ட் இறந்தவர் பெயரில் இருந்தால் உடன்பிறந்தவர்களிடம் இன்றே பேச்சை எடுங்கள். பக்கத்து லாட்காரர் யார் என்று விசாரியுங்கள். அவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தாலும் பேசுங்கள், வேலிக்கும் லாரிக்கும் இனம் கிடையாது. ஐந்து குடும்பம் சேர்ந்ததும் மடிக்கணினியை வைத்து முதல் அடுக்கைப் போடுங்கள்.

அடுத்த முறை தரகர் வந்து “மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டால், சுவரில் மாட்டிய வரைபடத்தைக் காட்டி, “இது மூன்று ஏக்கர் இல்லை, முப்பத்துமூன்று ஏக்கர்” என்று நீங்கள் சொல்ல வேண்டும். அந்த முப்பத்துமூன்றிலும் உங்கள் மூன்று ஏக்கரின் கிராண்ட் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும்.